பிளாஸ்டர் சாட்சி

ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் திறந்ததும் என் கண் பீடத்துக்குப் போகவில்லை, ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே இருந்த விரிசலுக்குத்தான் போனது. விரிசலின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு பிளாஸ்டர் பூசி, தேதி எழுதியிருக்கும். அதற்குச் சாட்சி என்று பெயர். சுவர் அசைந்தால் சாட்சி உடையும். கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம் என்பதால், உடைந்தால் மேயர் கோயிலைப் பூட்டியாக வேண்டும். பக்கத்து ஊர்க் கோயிலைப் பூட்டிப் பதினாறு வருஷம் ஆகிறது. அங்கே இப்போது புறாக்கள்தான் பூசை வைக்கின்றன.

மூன்று வருஷம் தாங்கிய சாட்சி பத்து நாளைக்கு முன்னால் உடைந்துவிட்டது. சாவி என்னிடம் இருப்பதால் வேறு யாருக்கும் தெரியாது. பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசி, மேயரின் கோணல் கையெழுத்திலேயே பழைய தேதியை எழுதினேன். பளிச்சென்று தெரிந்ததால் காப்பியைத் தொட்டுத் தடவி மங்கலாக்கினேன். எண்ணூறு வருஷம் நின்ற சுவர் என் பேத்தியின் ஞானஸ்நானம் வரைக்கும் நிற்காதா? என் அம்மாவுக்கும் எனக்கும் என் மகளுக்கும் இந்தத் தொட்டியில்தான் தண்ணீர் ஊற்றினார்கள்.

மேயர் ரெழிஸ் பக்கத்து வீட்டில் வளர்ந்த பையன். நேற்று வந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

"உன்னை மாதிரியே அசையாம நிக்குது, இவெத் அக்கா."

"சுவத்தைப் பாக்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா? போடா."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்று பேத்தியின் ஞானஸ்நானம். சாட்சியின் நடுவே மறுபடியும் ஒரு கோடு. பத்தே நாளில். விரலை வைத்தேன், நகம் உள்ளே போனது.

மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தால் இந்தச் சுவர் முழுக்க அதிரும். மகள் கொராலி குழந்தையோடு உள்ளே வந்து தொட்டியருகே நின்றாள்.

"மணி அடிக்கலையாம்மா? பங்குச் சாமி வந்துட்டாரு."

குழந்தையின் சரிகைத் தொப்பியில் வெள்ளைத் தூசி விழுந்திருந்தது. கொராலி அதை ஊதிவிட்டாள்.

"வெளிய போடி!"

"என்னம்மா, மழை பெய்யுது."

"பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய போன்னு சொல்றேன்ல!"

ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த ரெழிஸ் என் குரல் கேட்டு ஓடி வந்தான். கயிற்றை விட்டுவிட்டுச் சாவியை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தில் ஒரு பிளாஸ்டர் துணுக்கு ஒட்டியிருந்தது, மேலே காப்பி நிறம், உள்ளே புத்தம் புது வெள்ளை.