ஒரு பிள்ளைக்கு அறுபதாயிரம்

மண்டலக் கல்வி அதிகாரிக்குப் பட்டைப் படம் என்றால் உயிர். எதையும் பட்டை பட்டையாக நிற்கவைத்துப் பார்த்தால்தான் அவருக்கு உலகம் விளங்கும். அன்று காலை அவருடைய கூட்ட அறைத் திரையில் ஆறு அரசுப் பள்ளிகளும் ஆறு பட்டைகளாக நின்றன. ஐந்து அடக்க ஒடுக்கமாக இருந்தன. ஆறாவது, திரையின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு பிள்ளைக்கு வருஷம் அறுபதாயிரம்!" என்று கோலால் அதைத் தட்டினார் அதிகாரி. "பக்கத்துப் பள்ளிக்கூடம் பதினாறாயிரத்துல முடிக்குது. நீங்க என்ன, பட்டுமெத்தை போட்டா பாடம் நடத்துறீங்க?"

பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் 'சிக்கனச் சிகரம்' என்று பொறித்த கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். ஆறாவது பட்டைக்குச் சொந்தக்காரரான தலைமையாசிரியர் தன் செருப்பைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கணக்கர் அம்மா கொட்டாவியை அடக்கினாள். இருபத்திரண்டு வருஷமாக அதிகாரிகளின் கத்தலைக் கேட்டுக் காது காய்த்துப்போனவள் அவள்.

ஆனால் அடுத்த வாக்கியம் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தது.

"அதனால அந்தப் பள்ளியில நூலகர் பதவி ரத்து. அந்தம்மா திங்கட்கிழமை பாடநூல் கிடங்குல போய்ச் சேரணும்."

கிடங்கு எட்டு மணி நேரப் பயணம். நூலகர், கணக்கர் அம்மாவின் நாத்தனார், ஒரே வீடு. நாத்தனார் ஊரைவிட்டுப் போகிறாள் என்றால் கைதட்டும் வீடுகள் உண்டு. இந்த நாத்தனாரோ, வீட்டில் சண்டை வந்தால் அண்ணனை விட்டுவிட்டு அண்ணி பக்கம் நிற்கிற அபூர்வப் பிறவி. அவளைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு அந்த மனுஷனோடு தனியாக மல்லுக்கட்டுவதா?

தேநீர் இடைவேளையில் கணக்கர் அம்மா அதிகாரியின் தாளைக் கையில் எடுத்தாள். மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். வகுத்தலில் பிழை இல்லை. மேலே என்ன வைத்தார்கள், கீழே என்ன வைத்தார்கள் என்று பார்த்தாள்.

"சார், நம்ம பிள்ளைங்க நூத்தியெண்பதாச்சே. நூத்தியிருபதுன்னு குடுத்திருக்கீங்க?"

"கணக்கெடுப்பு அன்னிக்கு வகுப்புல இருந்தது அவ்வளவுதாம்மா," என்றார் தலைமையாசிரியர். "அறுபது பேர் விளையாட்டுப் போட்டிக்குப் போயிட்டாங்க. இல்லாத பிள்ளைய இருக்குன்னு என் கை எழுதாது."

"போட்டி எங்க நடந்தது?"

"பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துல."

பக்கத்துப் பள்ளிக்கு நேராக முந்நூறு என்று இருந்தது. அங்கே படிப்பது இருநூற்று நாற்பது. கணக்கர் அம்மா தேநீர்க் கோப்பையோடு அந்தப் பள்ளியின் எழுத்தரிடம் போனாள்.

"ஏன்டி, முந்நூறு எங்கேருந்து வந்தது?"

"வளாகத்துக்குள்ள இருக்கிற தலைய எண்ணுன்னாரு எங்க ஹெட்மாஸ்டர். எண்ணினேன். உங்க பிள்ளைங்க நல்லா வரிசையா நின்னாங்கக்கா, எண்ணறதுக்கு வசதியா இருந்தது."

கூட்டம் மறுபடி தொடங்கியதும் கணக்கர் அம்மா எழுந்தாள். முதலில் அறுபது பிள்ளைகளையும் மைதானத்திலிருந்து தங்கள் பள்ளிக் கணக்குக்கு அழைத்து வந்தாள். சிக்கனச் சிகரத்தின் முகம் சுண்டியது.

"அடுத்தது பஸ்ஸு, சார். ஆறு பள்ளிப் பிள்ளைங்களையும் ஏத்திட்டுப் போகுது. டீசலும் டிரைவர் சம்பளமுமா பதினெட்டு லட்சம், மொத்தமும் எங்க தலையில. ஷெட்டு எங்க வளாகத்துல இருக்கிற ஒரே பாவத்துக்கு."

"ஆறா பிரிச்சுக்கலாம்," என்றார் அதிகாரி பெருந்தன்மையாக.

"அப்புறம் இந்த ஆபீஸு. எங்க பள்ளி மாடியிலதானே இருக்கு? கரண்ட், வாட்ச்மேன், இந்த ஏசி, வருஷம் மூணு லட்சம். அதையும் எங்க பிள்ளைங்க சாப்பிட்டதாத்தான் எழுதியிருக்கு."

"அதுக்கென்ன? எங்க ஆபீசுக்கும் தனியா ஒரு பட்டை போட்டுடுங்க!"

"போட்டுடலாம் சார். எத்தனை பிள்ளையால வகுக்கட்டும்?"

கடைசி வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள்.

புதுக் கணக்கில் அறுபதாயிரம் முப்பதாயிரமாக இறங்கியது. பக்கத்துப் பள்ளி இருபத்தோராயிரத்துச் சொச்சத்துக்கு ஏறியது.

"அப்பவும் உங்களுதுதானே அதிகம்?" அதிகாரி கிடைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதிகம்தான் சார், மறைக்கல. பிள்ளை குறைச்சல்னாலும் எட்டு வகுப்புக்கு எட்டு டீச்சர் வேணுமே. முக்கால் டீச்சர் இருந்தா அனுப்புங்க, வாங்கிக்கிறோம். அதுக்கு லைப்ரரிய மூடினா எப்படி?"

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'ஒப்பிடத் தக்கவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது எனது நீண்டகாலக் கருத்து' என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியது. இரண்டாம் பக்கத்தின் அடியில், நூலகர் மாற்றம் ரத்து என்ற விஷயம் வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றது.

நாத்தனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கட்டிவைத்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் போயிருந்தா நம்ம வீட்டுச் செலவு தலைக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு கணக்குப் போட்டீங்களா?"

"எங்கடி குறையும்? வாடகை அதே வாடகை, வகுக்க ஒரு தலை கம்மி. கூடத்தான் செய்யும். எந்திரி, பெட்டியப் பிரி. உங்கண்ணன் வேற காலையிலேருந்து மூஞ்சிய தூக்கி வச்சிருக்காரு, வந்து என்னன்னு கேளு."