வண்டு கீதத்துக்கு எழுந்து நின்றவர்கள்

'பொறியாளர்' என்ற பட்டம் இல்லாமல் தன் பெயருக்கு வரும் கடிதத்தை வர்தெல்கா உறை பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். செக் நாட்டின் மொராவியாவில் உள்ள எங்கள் ஊரின் கணினி விளையாட்டு மன்றத்துக்கு அவர்தான் தலைவர். 1993இல் 'ஓடு வண்டே' என்ற விளையாட்டில் நாற்பத்தேழு நிமிடம் வண்டைச் சாகவிடாமல் காப்பாற்றினார். அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. விளையாட்டு இருந்த ஒரே கணினி அவர் வீட்டில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த விளையாட்டின் இசைதான் மன்றத்தின் கீதம். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, நெஞ்சில் கை வைத்துக் கேட்போம். சவ ஊர்வலத்தின் நிதானம். ஊர் வாத்தியக் குழுவின் தலைவர் ஆலோயிஸ் டிரம்பெட்டில் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் முகம் நீலம் பாரித்துவிடும்.

முப்பதாம் ஆண்டு விழா வந்தது. மேயர் முன்னிலையில் பொறியாளர் மறுபடி நாற்பத்தேழு நிமிடம் ஆடிக் காட்ட வேண்டும். காட்டினால் மன்றத்தின் கதவில் அவர் பெயர் பொறித்த செப்புத் தகடு. தகடு தயார், திருகாணிகளும் தயார். பழைய கணினிதான் புகைந்து செத்துப்போயிருந்தது.

புதிய கணினியில் போட்டால் வண்டு பிறந்த கணமே மண்டையைப் போட்டது. இசை ஒரே ஒரு 'கீச்'. அந்தக் காலத்து விளையாட்டுக்கு நொடிக் கணக்கெல்லாம் தெரியாது. கணினி எந்த வேகமோ அதே வேகத்தில் ஓடும். சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய கணினியாக வேஷம் போடும் ஒரு மென்பொருளை ஏற்றி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். எங்கே நிறுத்துவது? முதல் சுற்று இருபது நொடி என்று நெகிழ்வட்டின் உறையிலேயே எழுதியிருந்தது. இருபதுக்கு வந்ததும் இசை தெளிந்தது. என் கால் தானாகத் தாளம் போட்டது.

போல்கா! முப்பது வருஷமாக ஒரு குத்தாட்டத்துக்கா விறைப்பாக நின்றோம்?

செத்த கணினியைத் திறந்து பார்த்தேன். கணினியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போ பொத்தானின் கம்பிகள் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. விளக்கு எரிந்தால் முழு வேகம் என்று நம்பி, மனிதர் கால்வாசி வேகத்தில் ஆடியிருக்கிறார்.

"இன்ஜினியர் ஐயா, ஒயர் மாறிக் கெடக்கு."

"பத்த வச்சது யாரு தெரியுமா? நான்!"

"அதைத்தாங்க சொல்றேன். பாட்டும் போல்காவா வருது."

"போல்காவா? க்வெத்தா, கீதத்தைக் கேலி பண்ணினா மன்றத்தை விட்டே தூக்கிருவேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இன்ஜினியர். அந்தப் பழைய பொத்தானையே மேடையில வை, மேயர் அமுக்கட்டும். வெளக்கு எரிஞ்சா முழு வேகம். புரிஞ்சுதா?"

"அப்படியே செஞ்சிடறேங்க."

பொத்தானைப் புதிய கணினியோடு இணைத்து, அப்படியேதான் செய்தேன்.

விழாவில் எல்லோரும் எழுந்து நெஞ்சில் கை வைத்தோம். ஆலோயிஸின் குழுவும் சேர்ந்து வாசிக்க, கீதம் ஊர்ந்தது, கூடவே திரையில் வண்டும் ஊர்ந்தது. பொறியாளர் கண்ணை மூடி உருகினார். மேயர் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது.

வண்டு பாய்ந்தது. கீதம் துள்ளிக் குதித்தது. ஆலோயிஸ் அரை வரி தடுமாறிவிட்டுக் கத்தினார்:

"அடப்பாவிகளா, இது போல்காடா! அடிங்கடா மேளத்தை!"

நெஞ்சில் இருந்த கைகளெல்லாம் பக்கத்தில் நின்றவர்களின் இடுப்புக்கு இடம் மாறின. பொறியாளரின் வண்டு ஒன்பதாவது நொடியில் காலமானது. அடுத்தது பதினொன்றில்.

"பொத்தான் கெட்டுப்போச்சு!"

"நல்லாத்தானே எரியுது, இன்ஜினியரே?" என்றார் மேயர், ஆடிக்கொண்டே.

மேயரின் மனைவி லுட்மிலா ஒரு கையில் ஹாம் ரொட்டியோடு வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க, நானும் ஒருவாட்டி செத்துப் பாக்கறேன்."

இரண்டு நிமிடம், பத்து நொடி. ஒற்றைக் கையால்.

திருகாணிகளை வீணாக்க மனமில்லாமல் தகட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் 'லுட்மிலா, 2:10' என்று எழுதிக் கதவில் மாட்டினோம். கணினி முன்னால் வரிசை வாசல்வரை நீண்டது. மூன்றாவதாக நின்ற பொறியாளர், கோட்டைக் கழற்றித் தோளில் போட்டு, இரண்டு முழங்கைகளையும் விரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும் நடுவுல புகாதீங்க! சொல்லிட்டேன்!"

அவருடைய கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.