அடி தாங்கும் செவிப்பறை

எம். புதுப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன் சீனிவாசகம் அறைந்ததில் வேல்விழியின் இடது செவிப்பறை கிழிந்து ஏழு மாதமாகியிருந்தது. நாலு சக்கரம் நமுத்துப்போனதற்காக, நாற்பது பெண்கள் பார்க்க அடித்தான். வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்தாள். காதில் சீழ் வடிந்தபோதெல்லாம் அவன் முகம்தான் அவள் கண்முன் வந்து நின்றது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சித்திரையில் சீழ் நின்றது. விருதுநகரில் காது டாக்டர் ஞானசுந்தரி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

"ஓட்டையை அடைக்க ரெண்டு வழி இருக்கு. காதுக்கு மேல தசையை மூடியிருக்கிற மெல்லிசுச் சவ்வை எடுத்து வைக்கலாம். நல்லாக் கேக்கும். இல்லாட்டி, காது முன்னாடி துருத்திட்டு இருக்குல்ல, அந்தக் குருத்தெலும்புல ஒரு சீவல் வைக்கலாம். அது உறுதி. சின்னச் சத்தம் கொஞ்சம் மங்கலாம்."

"அறைஞ்சா எது தாங்கும், டாக்டரம்மா?"

டாக்டர் நிமிர்ந்தார். "விழுந்தேன்னுதானே சொன்னீங்க?"

வேல்விழி நடந்ததைச் சொன்னாள்.

"போலீஸ்ல எழுதிக் குடுங்க. நான் சர்டிபிகேட் தர்றேன்."

"முதலாளி வந்து பேசி முடிச்சிருவாக. எனக்கு அது வேண்டாம்."

"பட்டாசு மருந்து சீறுற சத்தம் கேக்க வேண்டாமா? உங்க வேலைக்கு அது உயிராச்சே."

"அந்த வேலைக்கு இனிப் போகல. அங்கன ஒரே ஒரு தடவ போகணும். குருத்தெலும்பையே வைங்க."

"எதை வச்சாலும் அந்தக் காதுல அடி படக்கூடாதும்மா," என்றார் டாக்டர். வேல்விழி தலையாட்டினாள்.

புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்திருந்த நேரம், வேல்விழி நேரே சீனிவாசகத்திடம் போனாள்.

"ஏட்டி, யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

ஓங்கி அறைந்தாள். அவன் கண்ணாடி மண்ணில் விழுந்தது. அவன் கை உயர்ந்ததும், தைத்த காதை அவனுக்கு நேராகத் திருப்பினாள். எத்தனையோ வருசம் அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய்.

"அடிலே பாப்போம்."

அவள் பின்னால் முருகம்மாள் எச்சில் கையோடு எழுந்தாள். பிறகு பாண்டிச்செல்வி. பிறகு எல்லோரும். சீனிவாசகத்தின் கை தணிந்தது. குனிந்து கண்ணாடியைத் தேடினான்.

அடுத்த வாரமே சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காது நன்றாக ஒட்டிவிட்டதென்று டாக்டர் சொன்னார். அவனை ஒரே அறையோடு விட்டு வந்ததுதான் அவளுக்கு ஆறவே இல்லை.