‘வேணாம்’ என்றால் ஊற்றுவார்கள்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. கித்துல்கலவுக்கு மேலே ஒரு றப்பர்த் தோட்டப் பாடசாலை. அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு வாழ்க்கைத் தேர்ச்சிப் பாடம் எடுக்கும் சுகந்தினி டீச்சர் என்னை வழியில் மறித்தார்.

"ஐயா, ஒங்களுக்குத்தான் வாயத் தொறந்தா கதையா வருதே. புள்ளைங்களுக்கு ஒன்னு எழுதித் தாங்க. ஒரு பையன் பாபுல் நீட்டணும், இன்னொருத்தன் ‘வேண்டாம்’னு சொல்லணும். அம்புட்டுத்தான். ஆனா பொய் கலக்கப்படாது."

பொய் கலக்காமல் எழுதுவது எனக்குப் புதிது. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

அழகான அந்தக் காலைப் பொழுதில், நல்லொழுக்கமுள்ள மாணவனான அஜந்தன்—

(விட்டுவிட்டேன். நல்லொழுக்கமுள்ளவனுக்கு யார் பாபுல் நீட்டுவார்கள்?)

பாபுல் எனப்படுவது பாக்கு, புகையிலை, வாசனைத் தூள் ஆகியவற்றைக் கலந்து சிறு பொட்டலத்தில் விற்கப்படும்—

(இதையும் விட்டேன். விளங்கிவிட்டதல்லவா, அது போதும்.)

2.

அஜந்தனுக்கு வயது பதினான்கு. ரெஜினோல்ட் என்றால் அவனுக்கு உயிர். தோட்டத்தில் ஒரே லய வரிசையில் வீடு, வகுப்பில் உட்கார ஒரே வாங்கு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். சனி ஞாயிறுகளில் ரெஜினோல்ட் ஆற்றங்கரைக்குப் போவான். சுற்றுலா வருகிறவர்கள் ஏறும் றப்பர்ப் படகுகளைத் தூக்கிக் கரை சேர்க்கும் வேலை. அங்கேதான் பாபுல் பழகினான். இப்போதெல்லாம் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறான். பல் சிவந்திருப்பது அஜந்தனுக்குத் தெரியும். பல்லைவிட, தன்னிடமே அவன் பொத்துவதுதான் அஜந்தனுக்கு வலித்தது.

இன்றோ நாளையோ தனக்கும் நீட்டுவான். வாங்கினால் வாய் போகும். மறுத்தால் ரெஜினோல்ட் போய்விடுவான். கதை இவ்வளவுதான், மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

3.

டீச்சர் வகுப்பில் ஒத்திகை வைத்தார். பாபுலுக்குப் பதில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் துண்டு. நீட்டுகிறவள் ஜொய்சி, மறுக்கிறவன் அஜந்தன்.

"இந்தாடா, போடு."

"வேணாம்."

"அட சும்மா போடுடா. ரொம்பத்தான் பண்ற."

அஜந்தன் வெண்கட்டியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். வகுப்பே சிரித்தது.

"ஏண்டா வாங்கின?" என்றார் டீச்சர்.

"ரெண்டு தரம் சொல்லிட்டாளே டீச்சர். அதுக்கு மேல வாங்காட்டி மரியாத இல்லீங்களே."

"அழுத்தமாச் சொல்லணும்டா!"

அவன் வெண்கட்டியைத் துப்பிவிட்டு அழுத்தமாகச் சொன்னான்: "வேணாங்க."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் லயங்களில் ‘வேணாம்’ என்பது மறுப்பல்ல, கோப்பையை நீட்டும் முறை. யார் வீட்டுக்குப் போனாலும் "வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்போம். அவர்கள் ஊற்றுவார்கள். ஊற்றாவிட்டால் மனஸ்தாபம்.*

* என் மச்சான் ஒருவர் கலியாண வீட்டில் "வேணாம் வேணாம்" என்றபடியே ஒரு வாளிப் பாயசத்தைக் குடித்து முடித்தார். வாளியையும் வேணாம் என்றார். கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். இன்றும் அதில்தான் குளிக்கிறார். நம்பாதவர்கள் வந்தால் வாளியைக் காட்டுகிறேன்.

4.

டீச்சர் கேட்ட முடிவையும் எழுதிப் பார்த்தேன். "வேண்டாம் நண்பா, அது உடலுக்குக் கேடு" என்றான் அஜந்தன். ரெஜினோல்ட் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். ஆகவே அதை அடித்துவிட்டு, நடக்கக்கூடியதை எழுதுகிறேன்.

பாடசாலை விட்ட பிறகு இருவரும் மலைத் தண்ணீர் குழாய்வழி விழும் பீலிக்கு மேலேயுள்ள கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே பீலித் தண்ணீரில் அஜந்தனின் அப்பா இராசமாணிக்கம் குளித்துக்கொண்டிருந்தார். ரெஜினோல்ட் பொட்டலத்தைக் கிழித்து நீட்டினான்.

"வேணாம் மச்சான்."

"சும்மா போடு மச்சான்."

இரண்டு தரம் ஆகிவிட்டது. மரியாதைப்படி வாங்கியாக வேண்டும். தமிழில் அவனிடம் மறுப்பு மிச்சமில்லை. ஆனால் சிங்களம் இருந்தது. (சிங்களவர் வீட்டிலும் விருந்தாளிக்கு இப்படித்தான் ஊற்றுவார்கள். அஜந்தன் கற்றதோ பஸ்ஸிலும் கடையிலும் பேசும் சிங்களம்.) கடைக்காரர் பை வேண்டுமா என்று கேட்டால் ‘எப்பா’ என்பான். வேண்டாம் என்று பொருள். அவரும் பையை உள்ளே வைத்துவிடுவார். அதற்கு மேல் பேச்சில்லை.

"எப்பா!" என்று கத்தினான்.

"என்னடா?" என்றது பீலி.

தலை முழுக்க நுரையோடு இராசமாணிக்கம் எட்டிப் பார்த்தார். ரெஜினோல்ட் பொட்டலத்தைக் கைக்குள் நசுக்கினான்.

"என்னத்துக்குடா கூப்ட்ட?"

"சும்மாதாம்பா."

"சும்மாவா? கண்ணெல்லாம் சவுக்காரம் எரியுது, இவருக்குச் சும்மாவாம்!" நுரைத்தலை கீழே போனது.

"போட்டுக் குடுக்கிறியா?" ரெஜினோல்ட் கீழே ஒரு கண் வைத்தபடி கேட்டான். "ஒங்கப்பாட்ட?"

"ஐயோ இல்லடா. சிங்களத்துல சொன்னேன்."

"என்னாது?"

"எப்பா. வேணாம்னு. கடையில சொல்ற மாதிரி."

ரெஜினோல்ட் அவனையே பார்த்தான். பிறகு சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான், வாயைப் பொத்தக்கூட மறந்து. அஜந்தனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் ரெஜினோல்ட் கல்லைப் பார்த்தபடி கேட்டான்:

"அப்ப... நானும் எப்பாவாடா?"

5.

முதல் முடிவு: ரெஜினோல்ட் பொட்டலத்தை ஆற்றில் வீசினான். (பீலியிலிருந்து ஆறு ஒரு மைல். வேறு நாளாக இருந்தால் வீசவைத்திருப்பேன்.)

இரண்டாவது: அஜந்தன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். இதை எழுதிய கையோடு அடித்தேன். ஒரு பிள்ளையை அந்தக் கல்லில் தனியே விட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது: அஜந்தன் அவன் பக்கம் நகர்ந்து, தோளில் தோள் படும்படி உட்கார்ந்து, "          " என்றான்.

இதுவரைதான் வந்தது. அவன் நகர்ந்து உட்கார்ந்தான் என்பது நிச்சயம். சொன்னது என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. பொட்டலம் இன்னும் ரெஜினோல்டின் கைக்குள்தான் இருக்கிறது. பொட்டலத்தை வாங்காமல் கையை மட்டும் பிடித்துக்கொள்ளும்படியாக ஒரு சொல் வேண்டும். உங்களிடம் இருந்தால் அந்த இடைவெளியில் போடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். கேட்டவன் இன்னும் தலை நிமிரவில்லை.