டெலி லென்ஸில் தெரிந்த வாசல்

1

இந்தக் கதைக்கு மூலம் நான் வாங்கிய, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் ஒரு பழைய டெலி லென்ஸ். கண்டியில் ஜமால்தீனின் கேமராக் கடையில் கிடைத்தது. தானாகத் தெளிவு பிடிக்காது. வளையத்தைக் கையால் திருக வேண்டும்.

"வளையம் கொஞ்சம் லூஸ் சேர். பிடிச்ச ஃபோகஸ் வழுக்கிரும், கவனம்," என்றார்.

வாங்கிவிட்டேன். பழுதான சாமான் என்றால் எனக்குத் தனிப் பிரியம். [என் மனைவி இதற்கு வேறு சொல் வைத்திருக்கிறாள்.]

2

முதல் தொடக்கம்: மடுல்கெல்லவில் பனி விலகியதும் மலைகள் மெல்ல...

வேண்டாம். கலண்டர் படம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: நானும் என்னோடு வேலை செய்யும் அழகையாவும் வீதி வளைவில் நிற்கிறோம். விடாமல் பெய்த மழை அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. பள்ளத்துக்கு அப்பால் அவனுடைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். (அழகையா தேவையா என்று முதலில் யோசித்தேன். அவன் இல்லாவிட்டால் நான் யாரோடு பேசுவது?)

"அண்ணே, என் வீடு தெரியுதா?"

"தெரியுது. உன் சம்சாரம் வாசல்ல துணி காயப்போடுறாங்க."

"யசோதாவா! காட்டுங்க, காட்டுங்க!"

"இருப்பா, ஃபோகஸ் போயிருச்சு."

3

கூரை தெளிவாக இருந்தது. அதற்கு மேலே தேயிலை வரிசை மட்டும் கலங்கியது. வளையம் வழுக்கிவிட்டதென்று திருகினேன். மறுபடியும் கலங்கியது. ஜமால்தீனைத் திட்டிக்கொண்டே மறுபடியும் திருகி...

வளையம் வழுக்கவில்லை. மலைதான் நகர்ந்துகொண்டிருந்தது.

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினேன்.

"மண்ணு சரியுது! போனப் போடு, தூர ஓடச் சொல்லு!"

அழகையா போட்டான். லென்ஸில் யசோதா நிமிர்ந்தாள். கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். போனை எடுக்க வீட்டுக்குள் போனாள்.

4

கடைசி வாக்கியத்தை நான் யோசித்து எழுதவில்லை. எழுதிய பிறகு கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். ஐயோ, கூப்பிட்டதே நாங்கள்தானே!

மாற்று முடிவு: போன் அவள் இடுப்பிலேயே இருந்தது, அதனால் உடனே எடுத்து...

[பொய். பிறகு எதற்கு உள்ளே போனாள்?]

இன்னொன்று: சார்ஜ் இல்லாமல் மணி அடிக்கவே...

[அடித்தது. அதனால்தான் நிமிர்ந்தாள்.]

அழகையா இப்போது மலையைப் பார்க்கவில்லை. இதை எழுதுகிற என்னைப் பார்க்கிறான்.

"அண்ணே, அவ உள்ள போனத அழிச்சிருங்க."

அழித்தேன். அப்போதும் வாசலில் அவள் இல்லை.

"போனக் கட் பண்ணுனா வெளிய வந்திருவாளா? அடிக்க விட்டா எடுத்திருவாளா? சொல்லுங்கண்ணே!"

எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவனுக்கே தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. மண் கூரையை நெருங்கிவிட்டது. வாசிக்கிற நீங்கள் சொல்லுங்கள், அவன் கேட்கிறான்: கட் பண்ணவா, அடிக்க விடவா?