அஞ்சாம் நம்பர் சட்டை

ஒரு சாம்ராஜ்யம் எந்த நாளில் சரியத் தொடங்குகிறது என்பதைத் தவறாமல் சொல்லக்கூடியவர் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒருவர்தான் இருந்தார். 1981ஆம் வருஷம், ஒரு வியாழக்கிழமை மாலை, வெங்கிடாசலம் அதை மூன்று பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சாம்ராஜ்யம் என்று அவர் சொன்னது ஓர் எண்ணெய் மில்லின் கால்பந்து அணியை. அவர் உட்கார்ந்திருந்தது பிச்சையின் சலவைக் கொட்டகையில், ஓர் அழுக்குத்துணி மூட்டையின் மேல்.

"எப்ப ஆள மாத்துனானோ அன்னைக்கே போச்சு," என்றார். "மிச்சமெல்லாம் சும்மா நாள் தள்ளுறது."

மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கிய அணி அது. ஆட்டக்காரர்கள் பெயருக்கு மில்லில் குமாஸ்தாக்கள். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். பிறகு கோல்கீப்பர் ஔசேப்பு ஒரு பேங்குக்குப் போனார். கேப்டன் ஹம்சா கஸ்டம்ஸுக்குப் போனார். அவர்கள் பின்னால் இன்னும் மூன்று பேர். பழைய கோச்சையும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பட்டாளத்தில் இருந்து வந்த ராஜனைப் புதுக் கோச்சாக மில் கொண்டுவந்தது; எல்லாருக்கும் அவர் மாஷ், அதாவது வாத்தியார். அதற்குப் பிறகு பதினோரு ஆட்டம், எட்டுத் தோல்வி. எட்டாவது போன ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்தில் நடந்த அரையிறுதி.

"பழைய கோச் இருக்கும்போ டீம் மொத்தமும் எங் கடையிலதான் சாயா குடிக்கும்," என்றார் எதிரே டீக்கடை வைத்திருந்த செல்லதுரை. "இந்த மாஷ் பாலு, முட்டைன்னு மாத்திட்டாரு. பொறவு எங்க வெளங்கும்?"

"ஒம்ம சாயா குடிச்சுதான் கோப்ப வாங்கினாங்கன்னு சொல்லுதீரா?" என்று கேட்டார் இசக்கிமுத்து. முனிசிபாலிட்டியில் தண்ணீர் வால்வு திறந்து மூடுகிறவர்.

"குடிச்சும் தோக்கலங்கேன்."

"ஔசேப்பு சேட்டன் போன பேங்கு இப்ப ஜெயிக்குது. அவரு விட்டுட்டுப் போன மில்லு தோக்குது. இதுல ஆராய என்ன இருக்கு?"

வெங்கிடாசலம் கண்ணை மூடித் தலையை அசைத்தார். "அது மேலோட்டமான பார்வை இசக்கி. நான் உள்ள போய்ப் பாக்கேன்."

அவர் யூதத் தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை பார்க்கும் குமாஸ்தா. மட்டாஞ்சேரித் தமிழ்க் கால்பந்து ரசிகர் சங்கத்தின் ஸ்தாபகர், தலைவர். சங்கத்தில் நால்வர் இருந்தார்கள். நால்வரும் இப்போது கொட்டகைக்குள்தான் இருந்தார்கள். இளமையில் தானும் ஆடியவன் என்பார். எந்த இடத்தில் ஆடினார் என்பது மட்டும் கதைக்குக் கதை மாறும்.

"ஞாயித்துக்கெழம பாத்தீங்கள்ளா," என்றார். "புதுக் கேப்டன் அந்தப்பன், வைப்பின் தீவுக்காரன். பந்தோட தனியாப் போறான். முன்னால கோல்கீப்பர் மட்டுந்தான். பின்னால வந்தவன் சட்டையப் புடிச்சு இழுத்துட்டான். ரெஃபரி பாக்கல. அந்தப் பந்து அப்பிடியே திரும்பி நம்ம வலைக்குள்ள வந்து விழுந்துச்சு. சட்ட ஏன் கைக்குச் சிக்குச்சு? தொளதொளன்னு கொடியில காயப்போட்ட மாதிரி தொங்குது. ஹம்சா போட்டிருந்தா நிக்கும். அந்த அஞ்சாம் நம்பர் சட்டைக்கு ஒரு யோக்கியதை வேணும்."

இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்த பிச்சை தலை நிமிரவில்லை. அணியின் துணி ஆறு வருஷமாக அவனிடம்தான் வந்தது. ஆனி ஆடி மழையில் வீட்டுத்துணிகள் நின்றுபோனாலும் அது நிற்காது; அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது அந்த மூட்டையால்தான். புதன்கிழமை ராஜன் மாஷ் சொல்லி அனுப்பியிருந்தார்: கேப்டனின் சட்டை இந்த வருஷம் அந்தப்பனுக்கே அளவெடுத்துத் தைத்தது. அது எப்படி இவ்வளவு நெகிழ்ந்து விட்டுப்போனது? நாளை நேரில் வருகிறேன். சரியான பதில் இல்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து துணி எர்ணாகுளத்து லாண்டரிக்குப் போகும்.

சரியான பதில் பிச்சையிடம் இருந்தது. அது அவனுக்கு எதிரே, மூட்டை மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

துணி வெளுக்கிறவர்கள் வந்த துணியை ஒரு நாள் வாடகைக்கு விடுவது ஊருக்கெல்லாம் தெரியும், துணியின் சொந்தக்காரனைத் தவிர. கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி, இன்டர்வியூவுக்குப் பேன்ட் என்று வந்து கேட்பார்கள். இரண்டு மாதம் முன்பு வெங்கிடாசலம் வந்து கேட்டது அஞ்சாம் நம்பர் சட்டை. கோவில்பட்டியில் இருக்கும் மைத்துனருக்கு, மில் அணியில் தனக்கு ஒரு பொறுப்பு இருப்பதாக எழுதியிருந்தாராம். மைத்துனர் போட்டோ கேட்டிருந்தார். பிச்சையால் மறுக்க முடியவில்லை. ஆறு வருஷம் முன்பு அவனை மில் மேனேஜரிடம் கூட்டிப்போய் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். சட்டை மறுநாள் திரும்பி வந்தபோது வயிற்றுப் பக்கம் விரிந்து வேறு சட்டையாக இருந்தது. பிச்சை வெந்நீரில் போட்டான், கஞ்சி ஏற்றினான், ஈரத்தோடு தேய்த்துப் பார்த்தான். விட்ட துணி விட்டதுதான்.

"அதனால தீர்மானம்," என்றார் வெங்கிடாசலம். "கோச்ச மாத்தணும். எழுது செல்லதுரை."

தமிழ் எழுத வராததால் செல்லதுரை மலையாளத்தில் எழுதினார். வெங்கிடாசலம் தமிழில் சொல்லச் சொல்ல, 'வீரம்', 'மாண்பு', 'வரலாறு' எல்லாம் டீக்கடைக் காகிதத்தில் ஏறின. இசக்கிமுத்து சலித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். காகிதம் பிச்சையிடம் வந்தது.

"போடு," என்றார் வெங்கிடாசலம். "அவரு போயிட்டா ஒன் துணியக் கேக்க ஆளு கெடையாது. ஒனக்காகவும்தான் சொல்லுதேன்."

பிச்சை பேனாவைக் கையில் வைத்திருந்தபோது ராஜன் மாஷ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். நீலகிரியில் வெலிங்டன் பட்டாளத்தில் பத்து வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார். கக்கத்தில் அந்தச் சட்டை. செல்லதுரை பிச்சையிடமிருந்து காகிதத்தை வாங்கி மடித்தார்.

"பிச்சை, ஆலோசிச்சோ?"

"தொவைக்கையில விட்டுப்போச்சு மாஷே."

"பதினொண்ணு ஒண்ணாத்தானே தொவைக்கிற. பத்தும் சரியாயிட்டிருக்கு."

மாஷ் குரலை உயர்த்தவில்லை. "எனக்குத் துணி பெருசில்ல. அந்தப் பையன் மூணு நாளா சோறு திங்கல. தோத்தது தன்னாலன்னு நினைக்கிறான். அவன்ட்ட நான் என்ன சொல்லணும்? அத மட்டும் சொல்லு."

பிச்சை ஒருமுறை வெங்கிடாசலத்தைப் பார்த்தான். தலைவர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சில சமயம் நூலு சரியில்லன்னா விட்டுடும்," என்றார் கூரையைப் பார்த்தபடியே. "மில்லுல வாங்குற நூலு அப்பிடி."

"சரி," என்றார் மாஷ். "பிச்சை, சனிக்கிழமை மூட்டை வராது."

வாளிப் பக்கம் நீலம் கலக்கிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் கையைச் சேலையில் துடைத்தாள். பிச்சையின் மனைவி. "ஏளா, வேண்டாம்," என்றான் பிச்சை.

"நீரு சும்மா இரும். நன்றிய வச்சு ஒல வைக்க முடியாது." அரிசி டின்னுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பழுப்புக் கவரை எடுத்தாள். ஸ்டுடியோவில் இரண்டு பிரதி கொடுத்திருந்தார்கள். ஒன்று கோவில்பட்டிக்குப் போனது. மற்றதை வீட்டில் மனைவி ஜெயலக்ஷ்மி பார்த்தால் விடமாட்டாள் என்று, திருப்பிக் கொடுத்த சட்டைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டிருந்தார் வெங்கிடாசலம்.

மாஷ் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. திருப்பி, பின்னால் மையில் தமிழில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'மில் அணி. கேப்டன்.'

"இத நான் கொண்டுபோறேன்," என்றார். "அந்தப்பனுக்குக் காட்டணும். அவன் சோறு திங்கட்டும்." வாசல் தாண்டியபின் நின்றார். "சனிக்கிழமை மூட்டை வரும். இனி என் சட்டை வெளிய போகக்கூடாது."

"போகாது மாஷே," என்றாள் ஆவுடையம்மாள்.

சைக்கிள் தெருமுனை திரும்பியது. பிறகு இசக்கிமுத்து கேட்டார்: "படத்துல எப்பிடி இருந்தீரு அண்ணாச்சி?"

வெங்கிடாசலம் மூட்டையிலிருந்து இறங்கி, தீர்மானத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருந்தேன்," என்றார்.

படத்தில் கைகளைக் கட்டி, வலதுகாலைப் பந்தின் மேல் வைத்து நின்றிருந்தார். அணியின் கால்சட்டை எதுவும் ஏறாததால், கீழே வேட்டி கட்டியிருந்தார்.