பால் கட்டிய பூனை

குட்டி போட்ட பூனையைத் தொடக்கூடாது என்பது உத்திரமேரூர்ப் பக்கம் எல்லா வீட்டுக்கும் வேதவாக்கு. மனுச வாடை பட்டால் தாய் குட்டியைச் சேர்க்காதாம். அதனால் கறுப்பி கட்டிலுக்கடியில் மூன்று குட்டி போட்டதிலிருந்து ஜெனிஃபர் அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூட நீட்டவில்லை. அவள் புருசன் வசந்த்குமாருக்குக் கை சும்மா இருக்குமா? லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவன், வெள்ளைக் குட்டியை எடுத்துக் கொஞ்சிவிட்டுத்தான் வைத்தான்.

மறுநாளே வினை வந்தது. குட்டிகள் வாய் வைத்ததும் கறுப்பி சீறிக்கொண்டு எழுந்து போனது. திரும்பி வந்து படுக்கும். வாய் வைத்தால் மறுபடி எழுந்துவிடும். குட்டிகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயின.

"எல்லாம் உன்னாலதான். யாரு உன்ன தொடச் சொன்னது?" என்றாள் ஜெனிஃபர்.

"ஒருவாட்டி தொட்டதுக்கா? பெத்ததுங்க மேல பாசமில்லாத பூனை இது. பால் குடுக்க மனசில்ல, அவ்ளோதான்."

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்துத் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "கை பட்டுச்சில்ல, இனிமே சேக்காது. பொழச்சா பொழைக்கட்டும், வுடு."

வெள்ளைக் குட்டி கத்துவதையும் நிறுத்திவிட்டது. வாடைதான் பட்டாயிற்றே, இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று துணிந்து, ஜெனிஃபர் கட்டிலுக்கடியில் கையை விட்டாள். கறுப்பி உறுமியது, கடிக்கவில்லை. அதன் மடி ஒரு பக்கம் கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது.

அவளுக்குத் தெரிந்த சூடு அது. மகன் ஐசக் பிறந்த புதிதில் அவளுக்கும் இப்படித்தான் பால் கட்டியது. பிள்ளை வாய் வைத்தாலே உயிர் போகும். பிள்ளைக்குப் பால் கொடுக்க அழுகிறவள் என்ன தாய் என்று வந்தவர் போனவரெல்லாம் பேசினார்கள். வசந்த்குமாரும்தான் பேசினான்.

"பாசமில்ல, மனசில்லன்னு இன்னா பேச்சு பேசிக்கினு கீற! பால் கட்டிக்கினு கீதுயா. வண்டிய எடு, மாட்டாஸ்பத்திரிக்குப் போலாம்."

"பூனைக்கா? சிரிக்கப்போறாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

கறுப்பியையும் குட்டிகளையும் கூடையில் வைத்து, மேலே பழைய துப்பட்டாவைக் கட்டிக் கொண்டுபோனார்கள். மாடு பிடித்து நின்றவர்கள் சிரிக்கத்தான் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நல்லவேளை, இன்னும் சீழ் வைக்கவில்லை என்று ஊசி போட்டார். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுக்கவும், குட்டிகளை நோகாத பக்கமாக விடவும் சொன்னார். "தைரியமா தொடுங்கம்மா. வளக்கிறவங்க கை பட்டதுக்கெல்லாம் பூனை குட்டிய ஒதுக்காது."

வீடு திரும்பியதிலிருந்து ஜெனிஃபருக்கு ஒத்தடம்தான் வேலை. வெள்ளைக் குட்டியைத் தன் கையாலேயே எடுத்து, நோகாத பக்கம் வைத்துப் பிடித்தாள். அடுத்த நாள் சாயங்காலம் கறுப்பி ஒருமுறை உறுமியது, ஆனால் எழுந்து போகவில்லை. குட்டி மொடக் மொடக்கென்று குடித்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் குந்தியிருந்த வசந்த்குமார் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஜெனி, அன்னைக்கு உனக்கும் இப்டிதான் வலிச்சுதா?"

"இதவிட ஜாஸ்தி. இதுக்காச்சும் நீங்கள்ளாம் பேசினது புரியல."

துணி ஆறிப்போயிருந்தது. அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவன் வெந்நீர் வைக்க எழுந்தான்.